பேர்கனை விட்டு ட்ரொம்சோ வந்த கணக்கு

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பேர்கனிலிருந்து வடக்கேயுள்ள ட்ரொம்சோவுக்கு வீடு மாறி இது இரண்டாவது குளிர்காலம். "நல்ல ஊரை விட்டிட்டு ஏன் இருட்டுக்குள்ள போய் இருக்கிறியள்?" என்று கேட்காத ஆளில்லை. நான் வடக்குப் பக்கம் சாய்ந்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தெரிந்த கதைகளை முதலில் முடித்துவிடுவோம். பேர்கனில் மழை, வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழாது. பேர்கனுக்கு 1909 முதல் ஒஸ்லோ ரயில் ஓடுகிறது. இங்கே தண்டவாளமே இல்லை.

மாவட்ட எல்லையும் எனக்குப் பெரிய விடயமல்ல. 2020இல் இரண்டு மாவட்டங்களை ஒட்டி உருவாக்கிய வெஸ்ட்லான்ட் (பேர்கன் அதில்தான்) அப்படியே நிற்கிறது. அதே வருடம் ட்ரொம்ஸையும் (ட்ரொம்சோ நகரம் இந்த மாவட்டத்தில்தான்) ஃபின்மார்க்கையும் ஒட்டினார்கள். ஃபின்மார்க் சனம் 2018 வாக்கெடுப்பிலேயே 87 வீதம் வேண்டாம் என்றிருந்தது. 2024 ஜனவரியில் பிரித்தும் விட்டார்கள். பெயர்ப்பலகை மாற்றியதுதான் மிச்சம். பத்தாம் வகுப்பு வரையான பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் எப்போதும்போல் கொம்யூன் (உள்ளூராட்சி) கையில்.

பணத்தைத் தொடுகிற கோடு வேறொன்று: மின்விலை வலயம். நாட்டில் ஐந்து வலயங்கள், ஒவ்வொன்றிலும் மின்விலை வேறு; பேர்கன் ஐந்தாவது, ட்ரொம்சோ நான்காவது. இங்கே வீட்டைச் சூடாக்குவதே கரண்டில் என்பதால் இது சின்ன விடயமில்லை. வடக்கில் நீர்மின்சாரம் அதிகம், ஆட்கள் குறைவு, மிஞ்சுவதைத் தெற்கே அனுப்பும் கம்பிகளோ போதாது. தெற்கிலிருந்து ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் 2021இல் கடலடிக் கேபிள்கள் வந்தன. 2022இல் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏற, பேர்கன் பில்லும் கூடவே ஏறியது. வடக்கில் அந்தச் சூடு பெரிதாகத் தெரியவில்லை. போதாததற்கு வடக்கு மாவட்டங்களான நூர்லான்ட், ட்ரொம்ஸ், ஃபின்மார்க் வீடுகளுக்கு மின்சாரத்தில் 25 வீதப் பெறுமதி சேர் வரியும் கிடையாது. பேர்கனில் ஜனவரி பில்லைத் திறக்க முன் ஒரு தேத்தண்ணி குடிப்பேன். இங்கே அந்தப் பழக்கம் போய்விட்டது.

ஆனால் 2025 ஒக்டோபரில் அரசு விரும்பியவர்களுக்கு நிலையான விலை ஒன்றைக் கொண்டுவந்தது. பேர்கனில் வரியோடு அலகுக்கு அரைக் குரோனர். அதனால் என் கணக்கில் ஒரு பகுதி கரைந்துவிட்டது, மறைக்கவில்லை. அந்தத் திட்டம் நீடித்தால் இடைவெளி இன்னும் சுருங்கலாம்.

இன்னொரு ஏமாற்றம்: குறைந்த வருமான வரி, படிப்புக் கடனில் ஒரு பகுதித் தள்ளுபடி எல்லாம் ஃபின்மார்க்கிலும் வட ட்ரொம்ஸிலும் உண்டு. ட்ரொம்சோ நகரம் அதில் இல்லை. பக்கத்துக் கொம்யூனான கார்ல்சோய் அதில் இருக்கிறது. வர முன் அதை நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஒஸ்லோவில் அண்ணை, அக்கா வீடுகளுக்கு வருடத்தில் நாலைந்து தரம் குடும்பத்தோடு போகிறவர்கள் பேர்கனிலேயே இருங்கள். கரண்டில் மிச்சம் பிடித்ததை விமான டிக்கெட் விழுங்கிவிடும்.