பூனைக்கு வாங்கிய தெள்ளுச் சீப்பு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

பார்ப்பதற்கு நம் பேன் சீப்பு மாதிரியேதான், கொஞ்சம் குட்டை. எஃகுப் பற்கள், முனை மழுங்கலாக இருப்பதால் தோலைக் கீறாது. பிடி ரப்பர். பூனை உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சியை எடுக்கும் என்று உறையில் போட்டிருந்தது. அந்த வேலையை ஓரளவுதான் செய்கிறது. ஆனால் பூனை ஏன் சொறிகிறது, முடி ஏன் போகிறது என்று வீட்டிலேயே முதல் துப்புக் கிடைக்க இதைவிட எளிய பொருளை நான் பார்க்கவில்லை.

எங்கள் பூனை கரிச்சான் முழுக் கறுப்பு. வாலடியிலும் பின்தொடையிலும் அவனுக்கு முடி மெலிந்துகொண்டே வந்தது. முதுகைத் தடவினால் முடிக்கு அடியில் சின்னச் சின்னப் பொருக்குகள் விரலில் நெருடின. எவ்வளவு விலக்கிப் பார்த்தாலும் கறுப்பு முடியில் எதுவும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. சீப்பை வாலடியில், தோலை ஒட்டி, முடியின் போக்கிலேயே மெதுவாக இழுத்தேன். பல்லிடுக்கில் முடியோடு கறுப்புத் துகள்கள் வந்தன. அவற்றை ஈர டிஷ்யூ காகிதத்தில் தட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசிந்து பரவியது. வெறும் மண்ணாக இருந்தால் அப்படிக் கசியாது. அது தெள்ளின் எச்சம்; பூனையிடம் குடித்த ரத்தம்தான் செரித்து அப்படி வெளியே வருகிறது.

அடுத்து எங்கள் இன்னொரு பூனை சுண்டுவுக்கும் வாரினேன். அவள் சொறியவே மாட்டாள், முடியும் பளபளவென்று இருக்கும். ஆனால் உயிருள்ள தெள்ளுகள் அகப்பட்டது அவள் உடம்பில்தான்! டாக்டர் விளக்கியபோது புரிந்தது. அரிப்புக்குக் காரணம் தெள்ளின் எச்சில். அது ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் நக்கிப் பிய்த்துவிடும். அப்படி நக்கும்போதே தெள்ளையும் விழுங்கிவிடுவதால் தேடினால் கிடைக்காது. ஒவ்வாமை இல்லாத பூனை கூட்டத்தையே சுமந்துகொண்டு சும்மா இருக்கும். அதனால் வீட்டில் இருக்கும் எல்லாப் பிராணிக்கும் சேர்த்துத்தான் மருந்து போட வேண்டும். சீப்பில் ஒன்றும் வராவிட்டாலும் தெள்ளே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மருந்து விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நாய்க்கு என்று விற்கும் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் உடம்பால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போகலாம். எடைக்கு ஏற்றதை டாக்டரே சொல்லட்டும். சீப்பில் சிக்கியவற்றைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொல்லலாம், சரி. ஆனால் தெள்ளின் முட்டை பூனை மேலே தங்குவதில்லை, உதிர்ந்துவிடும். விரிப்பிலும் சோபா இடுக்கிலும் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வாரக்கணக்கில் காத்திருக்கும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்காமல், தரைக்கு அடிக்கடி வேக்குவம் போடாமல், சீப்பை மட்டும் நம்பினால் முடிவே வராது.

இனி, இந்தச் சீப்பு காட்டாத காரணங்கள். வட்டம் வட்டமாக முடி போய், ஓரத்தில் செதில் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். பூனைகளுக்குப் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையால் வருவது. அரிப்பே இல்லாமலும் இருக்கும், மனிதருக்கும் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் முடியைப் பிடுங்கிச் சோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். அந்தச் சந்தேகம் இருந்தால் ஒரு பூனைக்கு வாரிய சீப்பை இன்னொன்றின் மேல் வைக்கவே கூடாது, நோய் சீப்போடு போகும். காதுக்குள் கரும்பழுப்பாக அழுக்கு சேர்ந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் காது உண்ணியைச் சந்தேகிக்கலாம். முகமும் கழுத்தும் மட்டும் ரணமாகும் அளவுக்குச் சொறிந்தால் உணவு ஒவ்வாமையும் காரணமாகலாம். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை உதவாது. டாக்டர் சொல்லும் உணவை மட்டும், வேறு தீனி எதுவும் கொடுக்காமல், குறைந்தது 8 வாரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

வயிற்றுப் பக்கம் மட்டும் மொட்டையானால்? பூனைகள் ஆளில்லாத நேரத்தில் நக்கும், நாம் முடி தானாகக் கொட்டுகிறது என்று நினைப்போம். அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். கட்டை முடி குத்தினால் நக்கித் தேய்த்திருக்கிறது என்று அர்த்தம். அரிப்பாலும் நக்கலாம், சிறுநீர்ப்பை வலியாலும் நக்கலாம், புது ஆள், புது வீடு என்று மிரண்டுபோயும் நக்கலாம். மன அழுத்தம் என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. மற்றதையெல்லாம் சோதித்துக் கழித்த பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும்.

சீப்புக்கு வருவோம். நீளமுடிப் பூனைக்கு இதை நேராகப் போட்டால் சிக்கில் மாட்டி வலிக்கும். முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்துவிடுங்கள். புண் இருக்கும் இடத்தில் வாரவே வேண்டாம். பிளாஸ்டிக் சீப்பாக இருந்தால் பல் வளைந்து இடைவெளி விரிந்துவிடும், தெள்ளு தப்பிக்கும். இரட்டை வரிசைப் பல்லில் முடி அடைத்துக்கொள்கிறது, சுத்தம் செய்வதற்குள் பூனை எழுந்து போய்விடும்.

கரிச்சானுக்கு வாலடி முடி இப்போது மூடிவிட்டது, சுண்டுவிடமும் தெள்ளு இல்லை. இருந்தாலும் இருவருக்கும் வாராவாரம் வாரி டிஷ்யூவில் தட்டிப் பார்க்கிறேன். வாங்குவதானால் ஒற்றை வரிசை எஃகுப் பல்லாகப் பார்த்து, ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனியாக வாங்குங்கள். துகள் கிடைத்தால் அந்தக் காகிதத்தை அப்படியே மடித்து டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அதற்கு முன் பூனையைக் குளிப்பாட்டிவிடாதீர்கள், தடயம் கழுவிப் போய்விடும்.