எட்டியோஸ் கிராஸ் டீசல்: ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

டொயோட்டா எட்டியோஸ் கிராஸ் டீசலை 2015-இல் புதிதாக வாங்கினோம். இன்று மீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. பழைய வண்டியாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இதை எஸ்யூவி என்று நினைத்து வாங்காதீர்கள் என்பதுதான். எட்டியோஸ் லிவா ஹேட்ச்பேக்குக்குக் கருப்பு பிளாஸ்டிக்கில் ஒரு சட்டை மாட்டினால் அதுதான் இந்தக் கார். உள்ளே இருக்கும் 1.4 லிட்டர் டீசல் எஞ்சினும் எடை குறைந்த பாடியும்தான் இத்தனை வருடம் எங்களை வேறு வண்டி பக்கம் போகவிடாமல் வைத்திருக்கின்றன.

2014 மே மாதம் இது சந்தைக்கு வந்தபோது இப்படிச் சட்டை மாட்டிய ஹேட்ச்பேக்குகளுக்கு நல்ல மவுசு. வோக்ஸ்வேகனில் கிராஸ் போலோ, ஃபியட்டில் பின்கதவில் ஸ்டெப்னி தொங்கிய அவென்சுரா, அடுத்த வருடமே ஹூண்டாய் ஐ20 ஆக்டிவ், அப்புறம் ஹோண்டா டபிள்யூஆர்-வி, 2018-இல் ஃபோர்டு ஃப்ரீஸ்டைல் என்று வரிசையாக வந்தன. நீளம் நான்கு மீட்டருக்குள், டீசல் எஞ்சின் 1500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. டீசலும் பெட்ரோலைவிட நன்றாகவே மலிவு. 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு அந்த லாபம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் சின்ன டீசல் எஞ்சின்களைப் புதிய விதிக்கு மாற்றும் செலவு பல கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. எட்டியோஸ் குடும்பமே அந்த வருடத்தோடு இந்தியாவில் நின்றுபோனது. அதனால் இனி இது கிடைத்தால் பழைய வண்டியாகத்தான் கிடைக்கும்.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1364 சிசி, நான்கு சிலிண்டர், 68 பிஎஸ் (குதிரைத்திறன்) பவர், 170 நியூட்டன் மீட்டர் டார்க் (வண்டியை இழுக்கும் சுழல்விசை). பவரை மட்டும் பார்த்தால் சப்பென்று இருக்கும். அதே காலத்து ஐ20 ஆக்டிவ் டீசலில் 90 பிஎஸ் இருந்தது. ஆனால் எட்டியோஸின் முழு டார்க்கும் 1800 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. வண்டியின் எடையோ ஏறத்தாழ ஒரு டன்தான். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் நாலுவழிச் சாலையில் ஐந்தாவது கியரில் 80, 90-இல் போட்டுவிட்டால் எஞ்சின் இருப்பதே தெரியாது. லாரியை முந்த வேண்டுமா, நான்காவதுக்கு இறக்கினால் போதும். 110-க்கு மேல் இழுக்கத்தான் திணறும். அந்த வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் வேறு வண்டி பார்க்கலாம்.

இதே எஞ்சினின் பவர் கூட்டிய வடிவம்தான் கொரோலா ஆல்டிஸ் டீசலில் இருந்தது. ஐரோப்பாவில் பிஎம்டபிள்யூ தயாரித்த மினி ஒன் டி காரிலும் ஒரு காலத்தில் இந்த எஞ்சின் குடும்பம்தான் ஓடியது. எங்கள் ஊரில் இதன் பெருமையை நிரூபித்தவை டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் எட்டியோஸ் செடான்கள். மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகளை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். டாக்ஸி வண்டி என்று பேராகிவிட்டதே என்று வீட்டில் ஆரம்பத்தில் யோசித்தார்கள். இன்று அந்தப் பேர்தான் எங்களுக்குப் பெரிய வரம். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கிறது. இந்த எஞ்சினைத் திறந்து பார்த்திராத மெக்கானிக் இங்கே இல்லை. நாங்கள் வண்டி விடும் மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: "ஆயிலும் டீசல் ஃபில்டரும் நேரத்துக்கு மாத்திருங்க. இந்த எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் டீசல் ஃபில்டரை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது காமன்ரெயில் எஞ்சின், அதாவது டீசல் மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சப்படும் வகை. அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துவாரங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. டீசலில் கலந்து வரும் தண்ணீரோ தூசியோ அதுவரை போய்விட்டால் செலவு கையைக் கடிக்கும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் இத்தனை ஆயிரத்துக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும் என்ற பெரிய செலவு வரவில்லை. பிஎஸ்6-க்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படி வந்த வண்டி என்பதால் புகைபோக்கியில் டிபிஎஃப் என்ற துகள் வடிகட்டியும் இல்லை. கடைக்கும் பள்ளிக்குமாகக் குட்டிக்குட்டி ஓட்டம் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளுமே என்று புது டீசல் வண்டிக்காரர்கள் படும் கவலை நமக்கு இல்லை.

மைலேஜ்: வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பின் கணக்காகக் கம்பெனி சொன்னது லிட்டருக்கு 23.59 கிலோமீட்டர். ஏசி போட்டு நெடுஞ்சாலையில் எங்களுக்கு 20 முதல் 22 வரை வருகிறது, ஊருக்குள் 16, 17. டேங்க் 45 லிட்டர். நிரப்பிவிட்டால் சென்னை போய்த் திரும்பும்வரை பங்க் பக்கம் போக வேண்டியதில்லை.

கொல்லிமலையில்தான் இந்த வண்டியின் நல்லதும் கெட்டதும் சேர்ந்து தெரியும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன் இரண்டாவது கியரில் வேகம் குறைந்து ஆர்பிஎம் 1500-க்குக் கீழே போனால் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) தூங்கிவிடும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு நொடி வண்டி நகர யோசிக்கும். நாலு பேரும் மூட்டையும் இருந்தால் முதல் கியருக்குத் தயங்காமல் இறங்கிவிட வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிறகு சிரமமில்லை. திரும்பும் ஆரம் 4.8 மீட்டர்தான் என்பதால் எதிரே பஸ் வந்தாலும் ஒரே வளைப்பில் திரும்பிவிடலாம். ஸ்டியரிங்கும் லேசு. இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்கிறது, பிரேக் சூடேறும் பயமில்லை. செம்மேடு தாண்டி அறப்பளீஸ்வரர் கோயில் போகும் வழியில் ரோடு குறுகலாகும் இடங்களில் 1735 மில்லிமீட்டர் அகலம் எவ்வளவு சௌகரியம் என்பது ஒதுங்கி வழிவிடும்போது புரியும்.

சரி, கிராஸ் என்ற பேருக்கு வருவோம். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, 174 மில்லிமீட்டர். ஃப்ரீஸ்டைலிலும் ஐ20 ஆக்டிவிலும் 190, அவென்சுராவில் 205. லிவாவுக்கும் இதற்கும் இந்த இடைவெளியில் சொல்லும்படி வித்தியாசமே கிடையாது. எங்கள் தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் டிராக்டர் சக்கரம் பதிந்து நடுவில் மேடு எழும்பியிருக்கும். மழைக்காலத்தில் அந்த மேட்டின் மேல் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி ஓட்டினால்தான் அடி தட்டாது. இது முன்சக்கர இழுவை வண்டி, சேற்றில் அதிசயம் எதுவும் செய்யாது. 15 அங்குல சக்கரமும் கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷனும் குழியில் அடி வாங்காமல் காப்பாற்றுகின்றன. அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

அந்தக் கருப்பு பிளாஸ்டிக்குக்கு ஒரு நிஜமான பயன் உண்டு. கருவேல முள், பைக் ஹேண்டில், தோட்டத்துக் கம்பிவேலி என்று எது உரசினாலும் பெயிண்ட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. பராமரிப்பும் உண்டு. வெயிலில் நிற்க நிற்க அது வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். சக்கர வளைவில் பிளாஸ்டிக்குக்கும் தகட்டுக்கும் இடையே செம்மண் போய் அடையும். மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர் பைப்பை அந்த இடுக்கில் வைத்து, வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை விடுவேன். அங்கே ஈரமண் தங்கினால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். எங்கள் வண்டியில் இதுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை.

உள்ளே ஆடம்பரம் தேடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக், அதிகம் வசதி இல்லாத டேஷ்போர்டு. ஸ்பீடோமீட்டர் டிரைவருக்கு நேரே இல்லாமல் நடுவில் இருக்கிறது. பழக ஒரு மாதம் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து வரும் அம்மாவுக்கும் வேகம் தெரிந்துவிடுவதால் எங்கள் வண்டி நிதானமாகத்தான் போகிறது. முன்கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். பெருமழையில் அது துடைக்காமல் விடும் மூலை பெரிதாகத் தெரியும். மாறாக, பின்சீட்டை மனமாரப் பாராட்டுவேன். தரை கிட்டத்தட்ட மட்டமாக இருப்பதால் நடுவில் உட்காருபவர் காலைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. 3.9 மீட்டர் காரில் மூன்று பெரியவர்கள் முழங்கால் இடிக்காமல் உட்காருவது சாதாரண விஷயமில்லை. சித்திரை வெயிலில் ஏசி ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும். பூட் 251 லிட்டர், குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது பொங்கல் பானையும் விறகும் போக ஒரு பை வைக்கலாம்.

இதே பாடி கொண்ட லிவா 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அந்தச் சோதனை ஏர்பேக் பொருத்திய வண்டியில் நடந்தது. அதனால் நீங்கள் பார்க்கும் வண்டியில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.

இன்னும் சில. டெல்லி வட்டாரத்தில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு வந்த கெடுபிடியால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வந்தன. என்ஓசி (தடையில்லாச் சான்று), மறுபதிவு, வரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துபோகும். உள்ளூர் நம்பரே நல்லது. முதல் பதிவு 15 வருடத்துக்குத்தான், மிச்சம் எத்தனை வருடம் என்பதை ஆர்சியில் பாருங்கள். டாக்ஸியாக ஓடி ஒயிட் போர்டுக்கு (சொந்த உபயோகப் பதிவுக்கு) மாறிய வண்டியா என்று சர்வீஸ் பதிவை வைத்துச் சரிபாருங்கள். வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள், முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். ஒரே கிராங்கில் எடுத்து, புகை கக்காமல், நடுங்காமல் நின்று ஓடினால் அப்புறம் விலை பேசலாம்.