யோகா வகுப்பா, விபஸ்ஸனாவா, 'நான் யார்' விசாரணையா?

தியானத்தில் இறங்க நினைப்பவருக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்று வழிகள் கண்ணில் படும்: பக்கத்துத் தெரு யோகா வகுப்பு, பேசாமல் இருந்து மூச்சையும் உடலின் உணர்வுகளையும் கவனிக்கும், எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் வந்த பத்து நாள் விபஸ்ஸனா முகாம், 'நான் யார்' என்று தன்னுள்ளேயே தேடும்படி ரமணர் காட்டிய ஆத்ம விசாரணை. மூன்றில் எது உயர்ந்தது என்ற சண்டை எனக்குச் சலித்துவிட்டது. எது எந்தத் தடையைச் சமாளிக்கிறது என்று கேட்டால்தான் பயன் உண்டு. ஏனென்றால், பலருக்கு வழியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே அவர்களுடைய தடைதான். சோம்பல் மிகுந்தவருக்கு ஆசனமே வேண்டாத விசாரணை பிடித்துப்போகிறது. உடலை வருத்துவதில் பெருமை காண்பவர் பத்து நாள் மௌனத்துக்குப் பெயர் கொடுக்கிறார். தனிமைக்கு அஞ்சுபவர் கலகலப்பான வகுப்பில் சேர்ந்துவிடுகிறார். பிறகு மூவருமே முன்னேற்றம் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

முதலில் தடைகள் எவை என்று பார்ப்போம். பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் (அத்தியாயத்தில்), 30ஆவது சூத்திரத்தில், ஒன்பது தடைகளைச் சொல்கிறார்: நோய், மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலனின்ப நாட்டம், பிறழ்ந்த காட்சி, அடுத்த நிலையை எட்டாமை, எட்டிய நிலையில் நிற்காமை. பௌத்தம் ஐந்தோடு முடித்துக்கொள்கிறது: காம நாட்டம், பகைமை, மந்தமும் உறக்கமும், பரபரப்பும் மன உறுத்தலும், ஐயம். பதஞ்சலியின் பட்டியல் உடல்நோயில் தொடங்குகிறது. பௌத்தப் பட்டியலில் நோயே இல்லை. அங்கே இருக்கும் பகைமை பதஞ்சலியின் ஒன்பதில் தனியாக இல்லை. ஆனால் மூன்று சூத்திரம் தள்ளி நட்பையும் கருணையையும் மருந்தாகக் கொடுக்கும்போது அவர் அதைத்தான் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ரமணர் பட்டியலே போடவில்லை. எழுகிற எண்ணம் எதுவானாலும் 'இது யாருக்கு எழுந்தது' என்று கேள் என்பதோடு சரி.

எனக்கு மிகவும் பிடித்த பட்டியல் வேறொன்று. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூலில் அதன் ஆசிரியர் சுவாத்மாராமர் யோகத்தைக் கெடுப்பவை ஆறு என்கிறார்: மிகையான உணவு, மிகையான உழைப்பு, வீண்பேச்சு, நியமங்களை விடாப்பிடியாகப் பற்றுவது, ஓயாமல் ஆட்களோடு கூடிப் பழகுவது, நிலையற்ற மனம். இன்றைய யோகா வகுப்பின் குறைகளை யாரோ நேரில் வந்து பார்த்து எழுதியது போல இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் டிபன், அதற்குப் பிறகு நாள் முழுக்க வாட்ஸ்அப் குழுவில் அரட்டை.

ஆனாலும் நோய்க்கும் மந்தத்துக்கும் ஆசனம், பிராணாயாமம் அளவுக்கு மற்ற இரண்டும் உதவுவதில்லை. முதுகு நேராக நிற்காதவரிடம் மனத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆசனத்துக்குப் பதஞ்சலி சொன்ன இலக்கணமும் அசையாமல், சுகமாக இருப்பது என்பதுதான். முகாமுக்குப் போக விரும்புபவர் சில மாதங்கள் முன்பே ஆசனம் பழகிக்கொள்வது நல்லது. முகாம் நாட்களில் யோகாசனம் செய்ய அனுமதி இல்லை.

பரபரப்புக்கும் கோபத்துக்கும் நான் முகாமைத்தான் சொல்வேன். அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளொன்றுக்குச் சுமார் பத்து மணி நேரம் தியானம். முதல் மூன்று நாட்கள் மூச்சை மட்டும் கவனிக்கும் ஆனாபானம். நான்காம் நாள் விபஸ்ஸனா தொடங்குகிறது. அதிலிருந்து நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், அசையாமல் உட்கார முயல வேண்டும். முழங்கால் வலிக்கும்போது மனம் யார் மேலெல்லாம் எரிந்து விழுகிறது என்பது அப்போது தெரியவரும். வலியை வெறுக்காமல் பார்க்கப் பழகுவதுதான் அங்கே பாடம். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். ஆனால் தீவிர மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று முகாம் நடத்துபவர்களே சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் அதை மறைப்பவர் தனக்கே கேடு தேடிக்கொள்கிறார்.

தூக்கம் மூன்று வழிக்கும் பொது. இதில் புத்தரின் யோசனைகளுக்கு ஈடு இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்த தன் சீடர் மொக்கல்லானருக்கு அவர் படிப்படியாக வழி சொன்னதை அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூல் பதிவு செய்திருக்கிறது: கற்ற பாடத்தை ஓது, காது மடல்களை இழுத்துவிடு, கண்ணில் தண்ணீர் தெளித்து விண்மீன்களைப் பார், நட. எதுவும் பலிக்காவிட்டால் வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு, விழித்ததும் உடனே எழுந்துவிடு. இதற்குப் பெரிய தத்துவமெல்லாம் தேவையில்லை.

விசாரணையின் பலம் இவை எதிலும் இல்லை. பல ஆண்டுகள் பயின்றவரைப் பிடிக்கும் தடையில்தான் அது தெரிகிறது: கிடைத்த அமைதியையே முடிவு என்று நம்பிவிடுவது. பதஞ்சலி இதைப் பிறழ்ந்த காட்சி என்கிறார். சித்திகளும் (அபூர்வ சக்திகளும்) சமாதிக்கு, அதாவது மனம் முழுதாக ஒன்றிய நிலைக்கு, இடையூறே என்று மூன்றாம் பாதத்தில் சொல்கிறார். வகுப்புகளில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ரமணர் அங்கேயே நின்று பேசுகிறார். பிராணாயாமம் மனத்தை அடக்க உதவும், ஆனால் அழிக்காது என்பது அவர் கருத்து. மனோலயத்துக்கும் (மனம் தற்காலிகமாக ஒடுங்குவது) மனோநாசத்துக்கும் (மனம் அடியோடு அழிவது) உள்ள வேறுபாட்டுக்கு அவர் சொன்ன கதை ஒன்று உண்டு: கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுச் சமாதியில் ஆழ்கிறார். நெடுங்காலம் கழித்துக் கண் திறந்ததும் அவர் கேட்பது, 'தண்ணீர் எங்கே?' அத்தனை காலமும் அந்த எண்ணம் அழியாமல் அப்படியே கிடந்திருக்கிறது.

ஆரம்பநிலையில் இருப்பவருக்கு இதே வழி வழுக்கும். ஐயம் வந்தால் 'ஐயப்படுபவன் யார்' என்று கேட்பது ரமணரிடம் கூர்மை. நம்மிடம் பெரும்பாலும் சொல் விளையாட்டாகிவிடும். அதோடு, ரமணரை உடலை மதிக்காதவர் என்று நினைப்பவர்கள் அவர் மிதமான சாத்விக உணவை நியமங்களிலெல்லாம் சிறந்ததாகச் சொன்னதை மறந்துவிடுகிறார்கள். உணவு விஷயத்தில் அவரும் சுவாத்மாராமரும் ஒரே கட்சி.

மூன்றையும் கலக்கலாமா? முகாமுக்குள் கூடாது, மந்திரம், விரதம், வேறு பயிற்சி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் வரச் சொல்கிறார்கள். அந்தக் கண்டிப்பு நியாயமானதே, இல்லையென்றால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ரமணர் பிற சாதனைகளைத் துணையாக ஏற்றுக்கொண்டார். பதஞ்சலியோ மனத்தைத் தெளிவாக்க ஒன்றன்பின் ஒன்றாக வழிகளை அடுக்கிவிட்டு, 39ஆவது சூத்திரத்தில் உனக்கு விருப்பமான எதையாவது தியானி என்று விட்டுவிடுகிறார். ஆனால் அதே மனிதர் 32ஆவது சூத்திரத்தில் தடைகளைப் போக்க ஒன்றையே பற்றிப் பயில வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே உடம்பு ஒத்துழைக்காதவர் ஆசனத்தோடும், சட்டென்று சினம் ஏறுபவர் முகாமோடும், தன் அனுபவங்களைப் பற்றி நிறையப் பேசத் தொடங்கிவிட்டவர் விசாரணையோடும் குறைந்தது ஓராண்டு இருந்து பார்க்கட்டும். இதில் மூன்றாமவர்தான் இந்த ஆலோசனையைக் கேட்கமாட்டார்.