மாலையில் ஓர் அளவு, காலையில் ஓர் அளவு

அளவெடுப்பதுதான் என் தொழில். கொக்குவிலில் வீட்டோடு தையல் தைக்கிறேன். அளவு நாடா இருபது வருடமாகக் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. அப்படிப்பட்ட என்னை ஒருவர் அளவுகோலை வைத்தே 49,500 ரூபாவுக்கு ஏமாற்றிவிட்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பெண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. சென்ற ஆவணியில் பெரிய பிள்ளையானாள். சாமத்தியச் சடங்குக்கு வந்த சனம் அவளுடைய சேலையைப் பார்க்கவில்லை, உயரத்தைத்தான் பார்த்தது. "இனி வளர்த்தி நின்றுவிடும், இப்போதே ஏதாவது செய் பிள்ளை" என்று மாமி காதோடு சொன்னார். மகளுக்கோ வலைப்பந்து என்றால் உயிர். ஆறடி பத்து அங்குல வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைத் தந்த யாழ்ப்பாணத்தில், கூடையை அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கு வேறு என்ன ஆசை வரும்? அன்றாடம் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

உயரத்தைக் கூட்டித் தருகிற ஓர் இடம் இருக்கிறது என்று மச்சாள் ஒருத்திதான் சொன்னாள். நகரத்தில் ஒரு கடைக்கு மேலே மாடி அறை, சுவரில் எலும்புக்கூட்டுப் படம், மூலையில் அளவுகோல் பொருத்திய பலகை. அங்கே இருந்தவர் தன்னை வைத்தியர் என்று எங்குமே சொல்லவில்லை. வெள்ளை மேலங்கி போட்டிருந்தார், நாங்களாகவே வைத்தியர் என்று எடுத்துக்கொண்டோம். மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் வரலாம் என்றார். மகள் பள்ளிக்கூடம், விளையாட்டுப் பயிற்சி, ரியூஷன் எல்லாம் முடித்துத் துவண்டுபோய் வந்து நின்றாள். 148.5 சென்ரிமீற்றர்.

"எலும்பு இன்னும் மூடவில்லை அக்கா. ஆறு மாதத்தில் ஐந்து அங்குலம், என் பொறுப்பு." அந்தத் தூளில் வளர்ச்சி ஹோர்மோன் இருக்கிறதாம், பாலில் கரைத்துக் குடித்தால் போதுமாம். ஒரு பேணி 16,500 ரூபா. மூன்று மாதத்துக்கு மூன்று பேணி. பேணியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, பதிவிலக்கமும் இல்லை. பற்றுச்சீட்டு கேட்டதற்குக் கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்துத் தொகையை மட்டும் எழுதித் தந்தார். வாடிக்கையாளருக்கு நானே இதைவிட ஒழுங்காக எழுதிக் கொடுப்பேன். அப்போதாவது எழுந்து வந்திருக்க வேண்டும்.

தூளைக் குடித்த நாட்களில் பாதி நாள் பிள்ளை குமட்டலோடுதான் பள்ளிக்கூடம் போனாள். மாமி கொடுத்த உழுத்தங்களியையும் நல்லெண்ணெய் முட்டையையும் கூட அவள் இவ்வளவு வெறுக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் அளக்கக் கூப்பிட்டார். இந்த முறை சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு! "எழுந்த உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள், வெறும் வயிறாக இருக்கட்டும்" என்றார். ஏதோ இரத்தப் பரிசோதனைபோல நானும் பயபக்தியோடு கூட்டிப்போனேன். 151 சென்ரிமீற்றர். சரியாக ஓர் அங்குலம். மகள் துள்ளிக் குதித்தாள். அடுத்த மூன்று பேணிக்கு முற்பணம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை புதுச் சீருடைக்காக அவளை அளந்தபோது கதவு நிலையோடும் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தேன். 149.8. நாடா இழுபட்டுவிட்டதோ என்று இரும்பு நாடாவால் அளந்தேன். அதே 149.8. மறுநாள் விடியற்காலை 151, மாலையில் திரும்பவும் 149.8. மூன்று நாள் இப்படியே அளந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வைத்தியர் கேட்டுவிட்டுச் சிரித்தார். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் தட்டுகள் பகல் முழுவதும் உடல் பாரத்தில் அமுங்குமாம், இரவு படுத்திருக்கும்போது திரும்பவும் உப்புமாம். அதனால் எல்லோருமே காலையில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் உயரமாகத்தான் எழும்புகிறோம். மாடி அறைக்காரர் காட்டிய ஓர் அங்குலத்தில் பாதி இந்த வித்தை.

மற்றப் பாதி? அது பிள்ளை தானாக வளர்ந்தது. எனக்கு அதிகம் கோபம் வந்தது இங்கேதான். பெண்பிள்ளைகள் மிக வேகமாக வளர்வது பெரிய பிள்ளையாவதற்கு முந்திய காலத்தில். அந்த உச்ச வருடத்தில் எட்டு சென்ரிமீற்றர் வரையும் வளர்வார்கள். முதல் மாதவிடாய் வரும்போது வேகம் குறையத் தொடங்கியிருக்கும், ஆனால் நின்றுவிடாது. அதற்குப் பிறகும் இரண்டு வருட அளவில் சராசரியாக ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் வளர்வார்கள். பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடிவிடும். ஆக, சடங்கு முடிந்த கையோடு வருகிற எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும், சுண்ணாம்பு மாவைக் கொடுத்தாலும், கொஞ்சம் வளரத்தான் செய்யும். அந்த வளர்ச்சியைத்தான் அவர் எனக்கே விற்றார்.

வேகமாக வளர்ந்த வருடத்தில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால், தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தேன். அவளுடைய சீருடையின் கீழ்மடிப்பை அந்த ஒரே வருடத்தில் இரண்டு தடவை அவிழ்த்து இறக்கினேன்! கையில் ஆதாரம் இருந்தும் கண்ணில் படவில்லை.

வளர்ந்து முடியும்போது பிள்ளை எவ்வளவு உயரம் இருப்பாள் என்று வைத்தியர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். தகப்பன் உயரம் 167, தாய் 153, இரண்டையும் கூட்டி 13ஐக் கழித்து இரண்டால் பிரித்தால் 153.5. அதிலிருந்து எட்டரை சென்ரிமீற்றர் கூடவோ குறையவோ வரலாம். பிறந்தபோது தந்த இளஞ்சிவப்பு வளர்ச்சிப் பதிவேட்டையும் பார்த்தார். கோடு ஒழுங்காக ஏறியிருந்ததால் எலும்பின் வயதைப் பார்க்கிற மணிக்கட்டு எக்ஸ்ரே தேவையில்லை என்றார். கோடு கீழே சரிந்தால், எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினால், பதின்மூன்று வயதாகியும் தொடங்காவிட்டால் உடனே காட்ட வேண்டுமாம். உண்மையான வளர்ச்சி ஹோர்மோன் ஊசியாகத்தான் ஏற்றப்படும், அதுவும் தேவைப்படும் பிள்ளைகளுக்கு மட்டும். அது புரதம் என்பதால் வாயால் குடித்தால் வயிற்றில் சாதாரண உணவுபோலச் செரித்துப்போகும்.

மாடி அறைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பிள்ளை ஒழுங்காகக் குடித்திருக்க மாட்டாள் அக்கா" என்றார். அடுத்த தடவை தொலைபேசி எடுபடவில்லை. பிறகு மாடி அறையும் பூட்டிக் கிடந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். ஒழுங்கான பற்றுச்சீட்டு என்னிடம் இருந்திருந்தால் பேச்சு இன்னும் இலகுவாக இருந்திருக்கும்.

இப்போது வேறோர் ஊரில் அறை எடுத்திருக்கிறாராம், மச்சாள்தான் சொன்னாள். முதல் அளவுக்கு மாலையில் வரச் சொன்னால், மறுநாள் காலையும் அதே பலகையில் அளந்து காட்டச் சொல்லுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.