"முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?": ஒரு நேர்காணல் பயிற்சி நிலையத்தில் ஐந்து வகுப்புகள்

கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகள் பணியாற்றி, மூன்று நிறுவனங்களிலிருந்து மூன்று வெவ்வேறு காரணங்களால் விலகிய எனக்கு, நேர்காணலில் டாலி என்ற கணக்கு மென்பொருள் பற்றியோ ஜி.எஸ்.டி. தாக்கல் பற்றியோ எதைக் கேட்டாலும் கலக்கம் இருந்ததில்லை, "அங்கிருந்து ஏன் வந்தீர்கள்?" என்ற கேள்வியில்தான் ஒவ்வொரு முறையும் நாக்குக் குழறும். இதற்காகவே சென்னை கிண்டியில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் மூன்று வகுப்புகளுக்காக மட்டும் யாரும் இந்தப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. 12 பேர் மட்டுமே இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு 19 பேரை ஓர் அறையில் அடைத்தார்கள். கொடுத்த கையேட்டில் விலகல் காரணங்களுக்கென ஒரே ஒரு பக்கம் இருந்தது. அதிலும், சம்பளப் பாக்கியோ மேலாளருடன் மனக்கசப்போ வீட்டுச் சூழலோ, எல்லாவற்றுக்கும் "வளர்ச்சிக்காக விலகினேன்" என்ற ஒரே மருந்தையே எழுதியிருந்தார்கள். மாதிரி விடைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்ததால், தமிழ் வழியில் படித்துவிட்டு வந்திருந்த சிலர் பொருள் புரியாமலேயே மனப்பாடம் செய்ததையும் பார்த்தேன்.

நான்காம் வகுப்புதான் கட்டிய பணத்துக்கு நியாயம் செய்தது. மனிதவளத் துறையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே மாதிரி நேர்காணல் செய்தார். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நான்கு மாதங்கள் சம்பளம் வராததால் நான் விலகியிருந்தேன். ஆனால் கையேட்டை நம்பி "வளர்ச்சிக்காக" என்றேன். "அப்படியா, அங்கே எந்த வளர்ச்சி கிடைக்கவில்லை?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டதும் என்னிடம் பதில் இல்லை. பிறகு நான் உண்மையைச் சொல்லத் தொடங்கி, முதலாளியின் குணம், வங்கிக் கடன், சக ஊழியர்களின் அழுகை என்று ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் புலம்பியதை அவர் கைபேசியில் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினார். விலகலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் கை வாயருகே போவதை அன்றுதான் கண்டேன்.

அந்த நான்கு நிமிடங்களை அவர் மூன்று வாக்கியங்களாகக் குறைத்தார்: சம்பளம் நான்கு மாதங்கள் தாமதமானது, ஆண்டுக் கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டு, நோட்டீஸ் காலத்தையும் முழுமையாகப் பணியாற்றி விலகினேன், ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து முறையாக விடுவித்த கடிதம்) கையில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம், எதிரே இருப்பவர் கேட்டால் மட்டும் பேசுங்கள் என்றார். எட்டே மாதங்களில் விட்ட மூன்றாவது வேலைக்கும் இதே சிக்கனம்தான்: கணக்கு வேலை என்று சேர்த்துவிட்டு வசூலுக்கு அனுப்பினார்கள் என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு, "ஏமாற்றினார்கள்" என்ற சொல்லை அடித்துவிட்டார். சொல் போனதும் என் கோபமும் பாதி இறங்கியது என்பது வேறு கதை.

வாய்ச்சொல்லோடு அவர் நிற்கவில்லை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லி, என் தன்விவரக் குறிப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணான யூ.ஏ.என். ஒன்றிலேயே பழைய நிறுவனங்கள் அனைத்தும் சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு தெரியும் என்பதால், குறிப்பில் வெறும் ஆண்டுகளைப் போட்டு இடைவெளியை மறைப்பது சரிபார்ப்பின்போது மாட்டிக்கொள்வதற்கே வழி என்று விளக்கினார். தாயின் சிகிச்சைக்காக விட்டுவந்த முதல் நிறுவனம் என் விலகல் தேதியைப் பதியவே இல்லை. அதனால் இரண்டாவது வேலையில் இருந்தபோதும் முன்னதிலும் நான் இருந்ததுபோல் அந்தப் பதிவு காட்டியது. கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதங்கள் கடந்துவிட்டால் உறுப்பினரே இணையத்தில் அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றிரவே ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யைக் கொண்டு அதைச் சரிசெய்தேன்.

ஐந்தாம் வகுப்பு சான்றிதழ் வழங்குவதிலும் குழுப்படம் எடுப்பதிலும் கழிந்தது. தனி மாதிரி நேர்காணலை மட்டும் 1,500 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. சேரும்போது வரவேற்பில் இதைச் சொல்வதில்லை, நாமாகக் கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள். ஏற்கெனவே சில ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு அது மட்டும் போதும் என்பது என் கணிப்பு. முதல் வேலை தேடுவோருக்கு விலகல் கேள்வியே எழாது என்பதால், அவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

மூன்று வாரங்கள் கழித்து அம்பத்தூரில் ஓர் உதிரிபாக நிறுவனத்தில் நேர்காணலுக்குச் சென்றேன். சம்பளத் தாமதம் பற்றிய அந்த மூன்று வாக்கியங்களையும் சொல்லி நிறுத்தினேன். எதிரே இருந்தவர் தலையசைத்துவிட்டு, கொள்முதல் பதிவேட்டை, விற்றவர்களின் தாக்கலிலிருந்து உருவாகும் வரி அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யோடு மாதந்தோறும் எப்படி ஒப்பிடுவீர்கள் என்று கேட்டார்.