அப்பத்தா வீட்டில் சிக்னல் தேடிய கதை: நெட்மான்ஸ்டர் செயலி

கீழக்குயில்குடியில் சமணர் மலையை ஒட்டி எங்கள் அப்பத்தா வீடு. போன் போட்டால் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். போனில் மட்டும் மூன்று பாயிண்ட் காட்டும். புகார் சொன்னால், டவர் நன்றாக இருக்கிறது என்ற ஒரே பதில்.

போன ஞாயிற்றுக்கிழமை நெட்மான்ஸ்டர் செயலியை இறக்கிக்கொண்டு போனேன். ஆண்ட்ராய்டு போனுக்கு இலவசம். இதில் பாயிண்ட் கணக்கெல்லாம் கிடையாது. சிக்னலின் வலுவை ஆர்எஸ்ஆர்பி என்று டிபிஎம் என்ற டெசிபெல் அளவில் காட்டும். மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 110-ஐத் தாண்டினால் திண்டாட்டம்.

மொட்டை மாடியில் மைனஸ் 88. அடுப்படியில் மைனஸ் 118! பத்து டெசிபெல் குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்காகும்; முப்பது டெசிபெல் வித்தியாசம் என்றால், மாடிக்கு வருவதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அடுப்படிக்கு வருகிறது. அந்தக் காலத்துச் சுவர், ஒன்றரை அடி கனம். அப்பத்தா நாள் முழுக்க இருப்பது அங்கேதான்.

ஒன்று கவனியுங்கள்: போனை ஒரு சாண் நகர்த்தினாலே எண் ஐந்து, பத்து மாறும். பாறையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றுகூடும், பக்கத்திலேயே ஒன்றையொன்று அழிக்கும். மாடியில் கிடைக்கும் 2300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே 13 சென்டிமீட்டர்தான். அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் போனை மெதுவாக அசைத்துப் பார்த்து, நடுவாந்தரமான எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

எந்த பேண்ட், அதாவது எந்த அலைவரிசை என்றும் காட்டுகிறது. மாடியில் 2300, வீட்டுக்குள் 850. குறைந்த அலைவரிசைதான் சுவரையும் மலை முகட்டையும் ஓரளவு தாண்டி வரும். எனக்கு ரொம்பப் பிடித்தது டைமிங் அட்வான்ஸ்: டவர் எவ்வளவு தூரம் என்று கணக்கிட உதவும் எண். எல்டிஇ-யில் (4ஜி) ஒரு எண்ணுக்குச் சுமார் 78 மீட்டர். அடுப்படியில் வந்தது 29. அப்படியானால் டவர் இரண்டேகால் கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம். எல்லா போனிலும் இந்த எண் வராது, அது போனைப் பொறுத்தது.

சிக்னலைப் பெருக்கித் தரும் ரிப்பீட்டர் கருவி வாங்கி மாட்டலாம் என்று கடையில் சொன்னார்கள். அனுமதி இல்லாமல் மாட்டுவது சட்டப்படி குற்றம், அடுத்தவர் சிக்னலையும் கெடுக்கும். வேண்டாம் என்றுவிட்டேன்.

அளந்ததில் கிழக்கு ஜன்னல் ஓரம் மைனஸ் 99 வந்தது. அங்கே ஒரு ஸ்டூல் போட்டு, சார்ஜரையும் மாட்டிவிட்டு வந்தேன். நேற்று அப்பத்தா இருபது நிமிடம் பேசியது. "கேக்குதா" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.