சுவருக்குள் வயரை மறைத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் கவனம்

ஹட்டன் பக்கம் வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டைத் திருத்துபவர்களும் இதைப் படித்துவிட்டு முற்பணம் கொடுங்கள். "ஸ்மார்ட் வீடு" செய்து தருவதாக ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். "அண்ணே, ஒரு வயர்கூடக் கண்ணில் படாது" என்றார். உண்மைதான், படவில்லை.

வரவேற்பறைக்கு ரவுட்டர் அழகில்லை என்று அதைச் சுவருக்குள் ஓர் இரும்புப் பெட்டியில் அடைத்து, மேலே படம் மாட்டினார். இரும்புக்குள் வைத்தால் வைஃபை அலை எப்படி வெளியே வரும்? போதாததற்கு எங்கள் பின்னறைகள் பழைய கருங்கல் கட்டு. மகள் இணையவழி வகுப்புக்கு நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

கைபேசியால் இயக்கும் சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயர் வேண்டும். சுவிட்ச் பெட்டிகளுக்குள் அதை அவர் இழுக்கவேயில்லை. நியூட்ரல் தேவைப்படாத மலிவு வகையைப் போட்டுச் சமாளித்துவிட்டார். அந்த வகை தனக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் அணைத்த பிறகும் எல்ஈடி குமிழ்கள் மினுங்கின. கேட்டதற்கு, "இரவு விளக்கு இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அண்ணே!" இந்த வாய்க்கே தனியாகக் கூலி கொடுக்கலாம்.

இவையெல்லாம் வெறும் எரிச்சல். தென்மேல் பருவமழை பிடித்ததும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழத் தொடங்கியது. வேறொரு மின்வினைஞரை அழைத்துச் சுவரை உடைத்தோம். ஒரே பிவிசி குழாய்க்குள் 230 வோல்ட் வயரும் இணையத்துக்கான கேட் 6 கேபிளும் ஒன்றாகக் கிடந்தன. இடையில் ஒரு மூட்டு: கையால் முறுக்கிய செம்பு, அதன் மேல் டேப். ஈரத்தில் டேப்பின் பசை கழன்று, செம்பில் பச்சை பூத்திருந்தது. மேலே சீமெந்துப் பூச்சு, அதற்கு மேல் விலை உயர்ந்த வண்ணம். வந்த மின்வினைஞர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பிரதான சுவிட்சை இறக்கினார்.

கூரைத் தட்டுக்குள் மறைத்த எல்ஈடி டிரைவர்களும், அதாவது விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டிகளும், இதே கதைதான். திறக்க ஒரு மூடிகூட இல்லை. ஒன்று பழுதானால் தட்டையே வெட்ட வேண்டும்.

மறைப்பதில் தவறில்லை, எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரியப் படம் எடுத்து வையுங்கள். மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் தனித்தனிக் குழாய் கேளுங்கள். பின்னாளில் கேபிள் மாற்ற, குழாய்க்குள் இழுவைக் கயிறு விடச் சொல்லுங்கள். மூட்டு வரும் இடமெல்லாம் திறக்கக்கூடிய பெட்டி இருக்கட்டும். ரவுட்டரை மறைக்க மர அலுமாரி போதும். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்வினைஞர்களுக்கு வழங்கும் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் ஒவ்வொரு வேலையும் தனியாக எழுதப்பட வேண்டும். என்னுடையதில் "ஸ்மார்ட் வேலை, மொத்தம்" என்ற ஒரே வரிதான் இருக்கிறது.

ஆள் இப்போது கொட்டகலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு விலை சொல்லியிருப்பதாகக் கேள்வி. அந்த வீட்டுச் சுவர் இன்னும் பூசப்படவில்லையாம்.